ஆர்டிஸ் தள்ளிய பனி

ஆர்டிஸ் ஹாப்பலாவுக்கு ஐஸ் என்றால் பயம். ஹெல்மி ஏரிக்கரையிலேயே பிறந்து, அந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டு, வருஷத்தில் பாதி நாள் ஏரி வெள்ளைத் தரையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிறவளுக்கு இப்படி ஒரு பயம் இருக்கலாமா என்றால், இருந்தது, அவ்வளவுதான். தரையில் அவள் எதற்கும் அஞ்சாதவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளை ஒற்றை அதட்டலில் வரிசையில் நிற்க வைத்தவள். கரடி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்த காலையில், துடைப்பத்தோடு வெளியே போய் அதை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டியவள். ஐஸ் மேல் கால் வை என்றால் மட்டும் இரண்டு அடி பின்னால் போய்விடுவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அவளுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது, அண்ணன் ரூபன் ஐஸ் மேல் அவளுக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தான். ஓடை வந்து ஏரியில் சேருகிற பக்கம். பட்டப்பகல். ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஆள் இல்லை. என்ன சொல்ல வந்தான் என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறாள். பெரிய விஷயமாக இருக்காது, பசிக்கிறது என்று சொல்ல வந்திருப்பான். ஆனாலும் அதை நினைக்காமல் அவளால் ஏரியைப் பார்க்க முடிந்ததில்லை.

கட்டிக்கொண்டவனோ நேர் எதிர். டுவெய்னுக்கு வீடு என்பது தூங்குகிற இடம். குடித்தனம் எல்லாம் ஏரியில்தான். ஐஸ் கெட்டியானதும் தன் மீன்குடிலைச் சறுக்குக் கட்டையில் ஏற்றி இழுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் வைத்துவிடுவான். உள்ளே ஒரு அடுப்பு, ஒரு பலகை, தூண்டில் போட ஐஸில் துளைத்த இரண்டு ஓட்டை, ஒரு ரேடியோ. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும் என்பான். பெண்டாட்டி வேண்டாமா என்று யாராவது கேட்டால், "அவ எங்க வரா? அவ ஃப்ரிட்ஜுல ஐஸ் ட்ரேயைத் தொடக்கூட பயப்படுறவ" என்று சொல்லிச் சிரிப்பான். கடையில், தேவாலயத்தில், கல்யாண வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் இதே பேச்சு. ஆர்டிஸும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். உள்ளே எரியும்.

அப்புறம் டுவெய்னின் கட்டைவிரல் போனது. இலையுதிர் காலத்தில் விறகு பிளக்கும் இயந்திரத்தில், வலது கைக் கட்டைவிரல், அடியோடு. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் பனி தள்ள எங்கள் ஊரில் வைத்திருக்கும், மோட்டார் சைக்கிள்போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டிக்கு ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, வலது கைப்பிடியில் இருக்கிறது; கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். கட்டைவிரல் இல்லாதவனுக்கு அந்த வண்டி வெறும் நாற்காலி.

"இடது கையைக் குறுக்க போட்டு அழுத்திக்கறேன்" என்றான் டுவெய்ன்.

"அப்ப ஹேண்டில்பாரை யாரு புடிக்கிறது? மூக்காலயா புடிப்ப?"

"சரி, நீ ஓட்டு."

"முற்றத்துல ஓட்டறேன். ரோடு வரைக்கும் ஓட்டறேன். ஏரியில வேற ஆளைப் பாரு."

வேறு ஆள் என்றால் பக்கத்து வீட்டு லைல். குடிலை ஏரிக்கு இழுத்துப்போய் வைத்துக் கொடுத்தான், ஆனால் அவனுக்குத் தன் வீட்டுப் பனியைத் தள்ளவே நேரம் போதாது. டுவெய்ன் ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். செத்த வீட்டு நாய்போல அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்ததைச் சகிக்க முடியாமல், கடைசியில் ஆர்டிஸ்தான் சாவியை எடுத்தாள். அவனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, என்று அவள் முணுமுணுத்ததை அவன் கேட்டுச் சந்தோஷமாக எழுந்து பூட்ஸை மாட்டினான்.

தரையில் அவள் பனி தள்ளுகிற அழகைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் அகலமான இரும்புத் தகடு. தகட்டைத் தூக்குவதும் இறக்குவதும் முன்பக்கத்தில் வின்ச் என்கிற இழுவை உருளையில் சுற்றியிருக்கும் கயிறு. பொத்தானைத் தட்டினால் போதும். நாலு டயருக்கும் வழுக்காமல் இருக்கச் சங்கிலி, பின்னால் பாரத்துக்கு மணல் மூட்டை. தகட்டை லேசாக இடது பக்கம் சாய்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினால், பனி உழவுச் சால்போலப் புரண்டு ஓரத்தில் விழும். தபால் பெட்டியைச் சுற்றி, பெட்டியில் கீறல் படாமல், வளைத்து எடுப்பாள். லைல் நின்று பார்த்துவிட்டு, "தாயே, எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் கருணை காட்டு" என்று கும்பிடுவான்.

ஏரியில், கரையிலிருந்து குடிலுக்குப் பாதை போட்டுத் தள்ளுவது வேறு. பனி ஐஸுக்குக் கம்பளி மாதிரி. பனியை வாரிய இடத்தில் குளிர் நேரே இறங்கி ஐஸ் தடித்துக்கொண்டே போகும். வாரியதை எங்கே குவிக்கிறோமோ அங்கே ஐஸ் கதகதப்பாகக் கிடந்து மெலியும். குவியலின் கனத்தில் அமுங்கி விரிசல் விடும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறிக் கூழாகும். அதனால்தான் எங்கள் ஏரியில் யாரும் பனியைப் பாதையோரம் குவிப்பதில்லை. தள்ளினால் அகலமாகத் தள்ள வேண்டும், ஓரத்தைத் தாண்டி வெளியே வண்டியோடு போய்ப் பரப்பிவிட்டு வர வேண்டும். பெரிய பனி விழுந்தால் பழைய பாதையை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுசு போட வேண்டும். இதைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும், ஆர்டிஸ் உட்பட.

ஆனால் அகலமாகத் தள்ளுவது என்றால் தெரிந்த ஐஸை விட்டுத் தெரியாத ஐஸ் மேல் முன்சக்கரத்தை ஏற்ற வேண்டும். அதுவும் இடது பக்கம். அந்தப் பக்கந்தான் தூரத்தில் ஓடை வந்து சேருகிறது. முதல் நாள் அவள் பாதையின் ஓரம் வரை போனாள். முன்சக்கரம் விளிம்பைத் தொட்டதும் கட்டைவிரல் தானாக மேலே வந்துவிட்டது. இன்னொரு தரம் முயன்றாள். அதே கதை. போதும் சாமி என்று திரும்பிவிட்டாள். அடுத்த பனிக்கும் அப்படியே, அதற்கடுத்த பனிக்கும். பாதையின் இடது ஓரத்தில் மேடு எழும்பிக்கொண்டே வந்தது, வண்டியில் உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு.

வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அந்த மேடு அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அது நின்றால் ஓடைப் பக்கம் கண்ணில் படாது. சுவரை ஒட்டி நடக்கிற மாதிரி அதை ஒட்டியே போய், டுவெய்னுக்கு ஃபிளாஸ்கில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கரைக்கு வந்துவிடுவாள்.

"பாதையை மாத்திப் போட்டியா?" என்று டுவெய்ன் குடிலுக்குள் இருந்தே கேட்பான். கண் தூண்டிலை விட்டு நகராது.

"போட்டேன், போட்டேன்."

"அகலமா?"

"அகலமாத்தான். மீனைப் பாருய்யா நீ."

நம்பினான். முப்பது வருஷமாகக் கேலி செய்தவன், இந்த ஒரு விஷயத்தில் அவளை முழுசாக நம்பினான். பாதையில் நடந்து வருகிறபோது மேடு கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. காற்று கொண்டுவந்து சேர்த்தது என்று நினைத்துக்கொண்டான். லைல் மட்டும் ஒரு நாள் கரையில் நின்று கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்து, "ஆர்டிஸ், அது என்ன, ஏரிக்கு மதில் கட்டறியா?" என்றான். அவள் சிரித்து மழுப்பினாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்கு முன்சக்கரத்தை ஏற்ற வேண்டுமே என்று அடுத்த நொடியே புரண்டு படுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. பளிச்சென்று வெயில், காற்று மட்டும் அடங்கவில்லை. விடிந்ததும் டுவெய்ன் பனியில் கால் புதையாமல் நடக்கப் பனிமிதியடி கட்டிக்கொண்டு குடிலுக்கு நடந்துவிட்டான். ஆர்டிஸ் முற்றத்தை முடித்துவிட்டு, ஃபிளாஸ்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

பாதை இருந்த அடையாளமே இல்லை. மேட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். தகட்டை இறக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள். அடியில் ஐஸ் பெருமூச்சு விட்டு முனகியது. முனகுகிற ஐஸ் நல்ல ஐஸ் என்று டுவெய்ன் சொல்வான். கேட்கிறவள் பாடு அவனுக்கு எங்கே தெரியும்? குடில் கண்ணுக்குத் தெரிந்தது. புகை வருகிறது, உயிரோடு இருக்கிறான். இன்னும் கொஞ்சம்தான், போய்விட்டுத் திரும்பிவிடலாம்.

அப்போது தகட்டின் இடது நுனி புரட்டிப் போட்ட பனி வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறம். நனைந்த சர்க்கரைபோலத் தொப்பென்று விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, சக்கரத்தை நோக்கி நாக்கை நீட்டியது.

கட்டைவிரலை எடுத்தாள். வண்டி நின்றது. அவளால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. தொண்டையிலிருந்து "டுவெய்ன்!" என்று ஒரு குரல் வந்தது. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

குடில் கதவு திறந்தது. டுவெய்ன் எட்டிப் பார்த்தான். நடுப்பாதையில் சிலையாக நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு தாளவில்லை.

"என்னடி, அங்கேயே உறைஞ்சுபோயிட்டியா? காப்பியாவது சூடா இருக்கா?"

"வராத! அங்கேயே நில்லு!"

"காத்துல ஒண்ணும் கேக்கல. இரு, வரேன்."

இடையில் தள்ளாத பாதை. முழங்காலளவு புதுப் பனி. பனிமிதியடியை மாட்டச் சோம்பேறித்தனம். பக்கத்தில் மேடு காற்றடித்துச் சிமெண்ட்போல இறுகிக் கிடந்தது. புத்தியுள்ள எவனும் மேட்டின் மேல்தான் நடப்பான், அகலமாகத் தள்ளியதாகப் பெண்டாட்டி சொல்லி, அதைக் காற்று சேர்த்த மேடு என்று நம்பியிருந்தால். டுவெய்ன் மேட்டில் ஏறி, கையை வீசிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்து வந்தான்.

"இறங்கு! டுவெய்ன், அதுல நடக்காதே! நான் மாத்தவே இல்ல! பாதையை மாத்தவே இல்லய்யா!"

அவன் காதில் கை வைத்துக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேடு ஒரு சத்தமும் இல்லாமல் அவனோடு சேர்ந்து உள்ளே போனது.

ஆர்டிஸ் அலறவில்லை. கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது, அதில் பனிக்கட்டிகள் சுழன்றன, ஆளைக் காணோம். பதினேழு வயதில் நின்ற அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பிறகு தலை தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். கழுத்தில் இரண்டு ஐஸ் ஆணிகள் தொங்கின, விழுந்தால் குத்தி ஏறுவதற்காக எல்லோரும் மாட்டிக்கொள்வது. இடது ஆணியைக் குத்திவிட்டான். வலது ஆணியை எடுக்க எடுக்க நழுவியது. பிடிப்பதற்குக் கட்டைவிரல் இல்லை.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உடம்பு அசைந்தது.

வின்ச் கயிற்றைத் தளர்த்தினாள். தகட்டிலிருந்து கயிற்று நுனிக் கொக்கியைக் கழற்றினாள். தகடு கனமாக ஐஸில் உட்கார்ந்தது. கயிறு தடையில்லாமல் உருவி வரும்படி நெம்புகோலைத் திருப்பிவிட்டு, கொக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். தண்ணீர் கசிகிற சாம்பல் பனி மேல், வயிற்றால் ஊர்ந்தாள். அம்மா, அம்மா, அம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஊர்ந்தாள். அடியில் ஐஸ் மெத்தைபோல அமுங்கி எழும்பியது. இதோ போகப்போகிறேன், இதோ, இதோ என்று ஒவ்வொரு முழத்துக்கும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே போனாள். பயம் குறைந்தது என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். அவள் ஆயுசில் அவ்வளவு பயந்ததே கிடையாது.

"அக்குளுக்கு அடியில விடு. சுத்திக் கொண்டுவந்து கயித்துலயே மாட்டு" என்று கொக்கியை வாயிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"முடியலடி."

"முடியும். மாட்டுய்யா, மீனுக்கு முள்ளு மாட்டறவன்தானே நீ!"

இடது கையால் மாட்டினான். அவன் உதடு நீலமாகிவிட்டது. கண்ணில் அவள் ஒருநாளும் பார்க்காத ஒன்று இருந்தது. அவள் பின்னோக்கி ஊர்ந்து போய், நெம்புகோலைத் திருப்பி, பொத்தானை அழுத்தினாள். கயிறு விறைத்தது. ஆனால் அவன் வருவதற்குப் பதில் வண்டி அவனை நோக்கி வழுக்கியது. சங்கிலி மாட்டிய சக்கரம் ஐஸில் கீறிக்கொண்டே போனது. போச்சு, இரண்டு பேரும் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே கிடந்த தகடு பனியை வாரிக்கொண்டு நகர்ந்து, தன் முன்னாலேயே ஒரு குவியலைச் சேர்த்து, அதில் முட்டி நின்றது. வண்டியும் நின்றது. கயிறு இழுத்தது. விளிம்பு உடைந்தது, மறுபடி இழுத்தது, மறுபடி உடைந்தது, மூன்றாம் தரம் டுவெய்ன் பெரிய மீன்போல ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

மற்றதெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவனைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டியது. கரையில் லைல் கம்பளியோடு ஓடி வந்தது. ஆம்புலன்ஸில் அவன் பல் அடித்துக்கொண்ட சத்தம்.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ஆர்டிஸ் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"நான் பொய் சொன்னேன். எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு நாள்கூட அகலமாத் தள்ளல. நான்தான் உன்னை உள்ள தள்ளினேன்."

டுவெய்ன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். திட்டுவான், இல்லாவிட்டால் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள். "உள்ள ரொம்ப இருட்டா இருந்துச்சு ஆர்டிஸ்" என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஏரியைப் பார்த்து உட்காரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அவள் முற்றத்துப் பனியைத் தள்ள வண்டியைக் கிளப்பினால், வெறும் காலுறையோடு வாசலுக்கு ஓடி வருவான். "எங்க போற? முற்றம்தானே? ரோட்டைத் தாண்டிப் போகமாட்டியே?" தன் பயத்தை இவன் என்றைக்காவது புரிந்துகொள்ள மாட்டானா என்று முப்பது வருஷம் ஏங்கியவள் அவள். இப்போது புரிந்துகொண்டான். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. ஒரு வீட்டில் ஒருத்தி பயந்தது போதாதென்று இரண்டு பேராயிற்று.

மார்ச்சில் குடில்களை ஏரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஐஸ் உருகும்போது அடுப்பும் எண்ணெயுமாக உள்ளே போகும்; ஊரில் தலைகாட்ட முடியாது. லைல் இழுத்துவர ஒத்துக்கொண்டான், ஆனால் அவன் வண்டி போகப் புதுப் பாதை வேண்டும். புதுப் பாதை என்றால் பழைய பாதைக்கு வெகு தள்ளி, யாரும் சக்கரம் வைக்காத பனியில்.

"விடு, போகட்டும். குடில் போனா மயிராச்சு" என்றான் டுவெய்ன்.

"லைல் துளை போட்டுப் பார்த்துட்டான். கெட்டியா இருக்குன்னான்."

"நானும்தான் கெட்டியா இருக்குன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். டுவெய்ன் படகுக் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு நுனியை அவள் இடுப்பில் கட்டினான். கட்டைவிரல் இல்லாத கையால் முடிச்சுப் போட நேரம் பிடித்தது. இன்னொரு நுனியைத் தன் முழங்கையில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றான்.

"இது அரை வழிக்குக்கூட எட்டாதேய்யா."

"எட்டுற வரைக்கும் எட்டட்டும்."

பக்கத்தில் நின்ற லைல் சிரிக்கவில்லை. அவள் நடை வேகத்தில் ஓட்டினாள். இடது ஓரம் வந்ததும் கட்டைவிரல் பழையபடி எழும்பப் பார்த்தது, அழுத்திப் பிடித்தாள். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டித் தெரியாத பனி மேல் ஏறியது. பனியை அந்தப் பக்கம் தூரத்தில் கொண்டுபோய்ப் பரப்பிவிட்டுத் திரும்பினாள். மறுபடி. மறுபடி. பின்னால் கயிறு பாம்புபோல ஊர்ந்து வந்தது. இனி முடியப்போகிறது, இடுப்பில் வெடுக்கென்று இழுக்கும், அப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போனாள். ஐஸ் முனகியது. கயிறு இழுக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனாள், இழுக்கவில்லை.

கயிற்றை விட்டுவிட்டானோ என்று திரும்பிப் பார்த்தாள். டுவெய்ன் கரையில் இல்லை. அவள் தள்ளிய பாதையின் நடுவில், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல ஒவ்வொரு அடியாக ஐஸைத் தட்டிப் பார்த்துக் கால் வைத்து, அவள் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"திரும்பிப் போய்யா!"

"பேசாத! முன்னால பாத்து ஓட்டு! அகலமாத் தள்ளுடி!"

அவள் முன்னால் பார்த்தாள். தகட்டை இறக்கி, அகலமாகத் தள்ளினாள்.